மைதானம் தின்னும் பலகைவாசிகள்

மனிதர்களில் மாடிவாசி உண்டு, குகைவாசி உண்டு, நகரவாசி உண்டு. நான் இங்கே சொல்லப்போவது பலகைவாசியைப் பற்றி. இவருடைய உடம்பு மட்டும்தான் வீட்டில் இருக்கும். மனசு எப்போதும் ஏதாவது ஒரு கட்டிடத்தின் நெற்றியில், கறுப்புக் கல்லில், பொன்னிற எழுத்தில் குடியிருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விளையாடுகிறவர்களைவிட இவர்கள் பெயர்கள்தான் அதிகமாக நின்றுகொண்டிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பலகை எழுதுகிறவன். கல்வெட்டும் வெட்டிக் கொடுப்பேன். பல் டாக்டருக்கும் தையல்காரருக்கும் எழுதித்தான் பிழைப்பு ஓடுகிறது என்றாலும், என் கடையில் ருசி கண்ட வாடிக்கையாளர் பலகைவாசிதான்.

அவர் கடைக்குள் நுழைகிற அழகே தனி. நேராக வந்து கல்வெட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டால் அவர் பலகைவாசியே இல்லை. முதலில் வாசலில் நின்று செருப்பில் இல்லாத தூசியைத் தட்டுவார். பிறகு உள்ளே வந்து, நான் காயவைத்திருக்கும் பல் டாக்டர் பலகையை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

“இந்த எழுத்து எவ்வளவு தூரத்துல இருந்து தெரியும்?”

“தெருமுனையில இருந்து தெரியும் சார்.”

“ஒரு மைதானம்னு வச்சுக்குவோம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் தெரியுமா?”

யார் பெயரை எழுத வேண்டும் என்று அப்போது கேட்டுப் பாருங்களேன். “சேச்சே, எனக்கில்லப்பா. ஒரு நண்பருக்கு. அவருக்கு இதெல்லாம் சுத்தமாப் பிடிக்காது, நாங்கதான் கட்டாயப்படுத்துறோம். சும்மா விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்” என்பார். அந்த நண்பருடைய இனிஷியலும் இவருடைய இனிஷியலும் ஒன்றாக இருக்கும். தற்செயல்தான், வேறென்ன?

இப்படி ஊரான் வீட்டுப் பலகைவாசிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு, என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் முளைப்பார் என்று தெரியாமல் போயிற்று. என் அக்காவின் கணவர். ஒரு கல்லூரியில் விளையாட்டுத் துறை இயக்குநர். மாணவர்கள் அவரை ‘விசில்’ என்பார்கள். அவர் காதில் விழாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொல்வார்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். இயக்குநர் ஒருவர் ஓய்வு பெற்றால் மைதானத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றுக்கு அவர் பெயரை வைத்துவிடுவார்கள். முதலாமவருக்கு மைதானமே கிடைத்தது. கொடுத்துவைத்த மனிதர். இரண்டாமவருக்கு உடற்பயிற்சிக் கூடம். மூன்றாமவர் ஓய்வு பெறும்போது பார்த்தால் பெயர் வைக்க ஒன்றும் மிச்சமில்லை; குடிதண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் அனாதையாக நின்றது. தொட்டிக்கு வைத்துவிடலாமா என்று யாரோ நல்லெண்ணத்தில் கேட்கப் போய், அவர் அன்றிலிருந்து கல்லூரியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். ஏற்கனவே வைத்த பெயரை மாற்றலாமா? வாயைத் திறக்க முடியாது. மகன், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே திரண்டு வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்துவிடும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் வைக்கக் கட்டிடம் இல்லையென்றால் பெயருக்காக ஒரு கட்டிடம் கட்டிவிட்டால் போகிறது. எங்கே கட்டுவது? மைதானத்தில்தான். அங்கேதானே இடம் சும்மா கிடக்கிறது?

அப்படித்தான் மூன்றாமவர் பெயரில் கூடைப்பந்துத் தளம் எழுந்தது. ஓடுபாதையின் வளைவில் அது கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டது. நான்காமவர் பெயரில் பார்வையாளர் மேடை எழுந்தது. அது கால்பந்துக் களத்தின் ஒரு மூலையைச் சப்புக்கொட்டி விழுங்கியது. அந்த மூலையிலிருந்து பந்தை உதைக்க வேண்டிய பையன் மேடையின் இரண்டாவது படியில் ஏறி நின்று, பார்க்க வந்தவர்களிடம் “கொஞ்சம் காலை எடுத்துக்கங்க” என்று கேட்டுவிட்டுத்தான் உதைக்க வேண்டும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே மடத்தைக் கட்டி இடத்தைப் பிடுங்கினார்கள்.

ஓடுகிற பையன்கள் பாவம், கூடைப்பந்துத் தளம் வந்ததும் உள்பக்கமாக ஒரு நெளி நெளிந்து ஓடப் பழகிக்கொண்டார்கள். பழகப் பழக அது காலிலேயே ஊறிவிட்டது. வெளியூரில் ஒரு போட்டி. நல்ல வட்டமான ஓடுபாதை, குறுக்கே ஒரு துரும்பு இல்லை, எங்கள் பையன்தான் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தான். அந்த வளைவு வந்தது, இல்லாத கூடைப்பந்துத் தளத்துக்கு மரியாதை கொடுத்து உள்ளே நெளிந்தான், பக்கத்துக் கோட்டில் வந்தவன் காலை மிதித்தான், இருவரும் உருண்டார்கள். போட்டியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அவன் அழுதுகொண்டே அத்தானிடம் கேட்டான்: “சார், இங்க ஏன் சார் தளம் இல்ல?”

அத்தான் அன்று இரவு சாப்பிடவில்லை. “நான் இருக்கறவரைக்கும் இந்த மைதானத்துல இன்னொரு செங்கல் விழாது” என்று சத்தியம் செய்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பயிற்சியாளர். விடியும் முன்னே மைதானத்தில் நிற்பார். ஒரு பிள்ளையின் ஓட்டத்தைப் பார்த்தே காலையில் சாப்பிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். யாராவது பெயர், கியர் என்று பேச்செடுத்தால், “எனக்கு எதுக்குய்யா அதெல்லாம், பசங்க ஓடுனா போதும்” என்பார். நானும் நம்பினேன். அந்த வசனத்தை என் கடையில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டும் நம்பினேன் பாருங்கள், சொந்தக்காரர் என்றால் கண் மறைத்துவிடுகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, ஆசிரியர்கள் அறையில் கணக்கு வாத்தியார் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாராம்: “உங்களுக்கு என்ன சார் வைக்கிறாங்க? தொட்டியா?”

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். மறுநாள் மாலை என் கடை வாசலில் ஓர் ஆள் செருப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அத்தான்.

“என்ன மாப்ளே, இந்தப் பக்கமா வந்தேன். அந்த டாக்டர் பலகை நல்லா இருக்கே. எழுத்து எவ்வளவு தூரத்துல இருந்து தெரியும்?”

மைதானத்தில் யாரும் கை வைக்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு நீளமான துண்டு. நீளம் தாண்டுகிறவர்கள் ஓடிவருகிற பாதை அது. ஒரு கோடியில் மதில் சுவர், மறு கோடியில் மணல் குழி. அந்தக் கல்லூரி இத்தனை வருடங்களில் உருப்படியாகப் பரிசு வாங்கிய ஒரே விளையாட்டும் அதுதான். இப்போது வாங்கிக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? என் அக்கா மகள். அவருடைய சொந்த மகள். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளை அந்தக் குழியில்தான் விளையாட விட்டிருந்தார். அவர் கையை உயர்த்தினால் தயாராக நிற்பாள். கையைக் கீழே இறக்கினால் ஓடுவாள். சாப்பாட்டு மேசையில்கூட அவர் கையைத் தூக்கினால் பாதிச் சோற்றோடு முதுகு நிமிர்ந்துவிடும்.

அந்தப் பாதையின் பின்பாதியில் ஓர் ஓய்வு மண்டபம் கட்டுவது, அவர் ஓய்வு பெற்றதும் அதற்கு அவர் பெயரை வைப்பது என்று முடிவாயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கல்லூரிக் காசில் சிமெண்டு வந்து இறங்கியது.

“ஓடி வர்ற பாதை தேவைக்கு மேல நீளமா கிடக்கு மாப்ளே” என்றார் என்னிடம்.

“அப்பா, அந்தப் பின்பாதியிலதான்பா நான் வேகமே எடுக்கறேன். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு வருதுப்பா” என்றாள் மகள்.

“பாப்பா, பெரியவங்க எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்றாங்க.”

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: “வாசக் கதவுல இவர் பேர்ப்பலகை இருக்கு. அதைப் பார்த்து ஒரு தபால்காரர் வர்றாரு, ஒரு பால்காரர் வர்றாரு. அது பத்தாதாம் இவருக்கு.”

அவள் சொல்லி எந்தக் காலத்தில் அவர் கேட்டார்? மண்டபம் எழுந்தது. தரையை உயர்த்திப் படி வைப்பதாகத்தான் இருந்தது. திறந்து வைக்க வரும் பெரிய அதிகாரிக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார் என்று தெரிந்ததும் தரைமட்டத்திலேயே சிமெண்டைப் பூசிவிட்டார்கள். முன்னும் பின்னும் இரும்புக் கதவு வைப்பதாக இருந்தது. அதற்குள் பணம் தீர்ந்துவிட்டதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆக, நான்கு தூணும் ஒரு கூரையுமாக, முன்னாலும் பின்னாலும் திறந்தபடி அது நின்றது. என் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? சண்டை போடவில்லை, அழவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் மதில் சுவரில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து புறப்பட்டு, தூண்களுக்கு நடுவே புகுந்து, முன்பக்கம் வெளியே வந்து தாண்டினாள். ஆணி வைத்த ஷூ சிமெண்டில் வழுக்குகிறது என்று சாதாரண ஷூவில் ஓடினாள். அத்தான் மணல் குழிக்கு அருகே நின்று, கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். தன் பெயர் வரப்போகிற மண்டபத்துக்குள்ளிருந்து மகள் புறப்பட்டு வருவதைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “காத்து இன்னைக்கு எதிர்ல அடிக்குது” என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

இனி என் பாட்டைக் கேளுங்கள். கல்வெட்டு நான்தான் வெட்டினேன். மேலே மண்டபத்தின் பெயர், அதாவது அத்தான் பெயர். கீழே திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்பவர், நன்றி சொல்பவர். திறந்து வைப்பவரின் பெயர் மண்டபத்தின் பெயரைவிடச் சின்னதாக இருந்தால் அவர் மனம் புண்படும் என்று முதல்வர் சொல்லி அனுப்பினார். பெரிதாக்கினேன். முதல்வர் பெயர் அதைவிட ரொம்பவும் சின்னதாகத் தெரியக் கூடாது என்று முதல்வரே சொல்லி அனுப்பினார். அதையும் பெரிதாக்கினேன். கல் வளராது, யாராவது ஒருவர் சுருங்கத்தான் வேண்டும். அத்தான் தினமும் போனில் கூப்பிடுவார்.

“மாப்ளே, என் பேரு தெரியுதா?”

“கிட்டப் போனா தெரியும் அத்தான்.”

“எவ்வளவு கிட்ட?”

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு, “நல்லாவே தெரியும் அத்தான்” என்றேன்.

அத்தான் ஓய்வு பெறுகிற மாதத்தில் திறப்பு விழா; அதற்கு மறுநாள் காலை அவர் மகளுக்குப் பல்கலைக்கழக அணித் தேர்வு. விழா நாள் மாலை, மண்டபத்தின் முன்பக்கத் தூண்களுக்கு நடுவே மார்பு உயரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. கல்வெட்டைப் பச்சைத் துணி போட்டு மூடியாயிற்று. மணல் குழிக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள். அத்தான் வெள்ளைச் சட்டையில், முகத்துக்குப் பவுடர் போட்டு, போட்டோவுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வர வேண்டிய அதிகாரி வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். உங்களுக்குத் தெரியாததா? பெரிய மனிதர்கள் கிளம்புவதற்கு முன்பிருந்தே வந்துகொண்டே இருப்பார்கள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவள் பயிற்சி உடையில் அப்பாவின் அருகே வந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்துக்கறேன்பா. இருட்டிடுச்சுன்னா அடி எண்ணிக்கை சரி பார்க்க முடியாது.”

“அவர் வந்துட்டுப் போகட்டும் பாப்பா.”

“எப்ப வருவார்?”

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் மண்டபத்துக்குப் பின்னால் போய், தன் வழக்கமான இடத்தில், சுவரில் முதுகை ஒட்டி நின்று உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அதே நேரம் பார்த்து ஒலிபெருக்கி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். மைக்காரர் மண்டபத்தின் பக்கத்தில் நின்றார். அத்தான் மணல் குழிக்கு அருகே நின்றார். சத்தத்தை நிறுத்து என்று மைக்காரருக்குச் சொல்ல, அத்தான் கையை உயரத் தூக்கினார். தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

மைக்காரர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியவள் பார்த்துவிட்டாள்.

பதினெட்டு வருடப் பழக்கம், ஐயா. அப்பா மனசு மாறி அனுமதி கொடுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நினைக்கக்கூட நேரம் இருந்திருக்காது. சுவரை விட்டுப் புறப்பட்டாள். தூண்களுக்கு நடுவே அவள் காலடிச் சத்தம் சிமெண்டில் தடதடவென்று கேட்டது. முன்னால் ரிப்பன். மார்பு உயரத்தில் ரிப்பன் கட்டியிருந்தால் நில் என்று சொல்வதாக நாம் நினைப்போம். தள்ளிக்கொண்டு வா என்று சொல்வதாக ஓடுகிறவர்கள் நினைப்பார்கள். ரிப்பன் அறுந்தது. அவள் குழிக்கு முன்னால் தரையில் பதித்திருந்த வெள்ளைப் பலகையை மிதித்து எழும்பினாள். ரிப்பனின் ஒரு துண்டு அவள் தோளில் ஒட்டிக்கொண்டு கூடவே பறந்தது. மணலில் விழுந்தாள்.

முதல்வர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். அவள் மணலில் உட்கார்ந்தபடி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“ஃபவுலாப்பா?”

அத்தான் ஏற்கனவே குனிந்திருந்தார். வெள்ளைச் சட்டையோடு தரையில் முழங்கால் போட்டு, பலகையின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். “இல்ல. கால் உள்ளதான் இருக்கு” என்றார். அளவு நாடா எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த மனிதர் பாக்கெட்டில் அதை எதற்கு வைத்திருந்தார்? ஒரு முனையை என்னிடம் கொடுத்து, “அழுத்திப் பிடி மாப்ளே” என்றார். அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். அவள் அதுவரை அவ்வளவு தூரம் தாண்டியதே இல்லை.

“கை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் இறங்குது. போ, இன்னொரு தடவை வா” என்றார்.

“சார், ரிப்பன்” என்றார் முதல்வர்.

“எந்த ரிப்பன்?” என்றார் அத்தான். சத்தியமாகத்தான் கேட்டார். அந்த ஒரு நிமிடம் அவர் பலகைவாசி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதிகாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அவர் கத்தரிக்கோலைக் கையில் வாங்கி, முடிச்சைப் பார்த்து, மண்டபத்தைப் பார்த்து, “ஏற்கனவே யாரோ திறந்துட்டாங்க போலிருக்கே” என்று கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தேநீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பச்சைத் துணியை யாரும் விலக்கவில்லை.

மறுநாள் தேர்வில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் முதல்வர் அத்தானைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபம் ஆறியிருந்தது. இன்னொரு விழா வைத்துவிடலாம், ஆனால் இந்த முறை இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, சாவியால்தான் திறக்க வேண்டும், திறப்பு விழா என்றால் திறக்க ஏதாவது வேண்டாமா என்றார். பணமும் வந்துவிட்டதாம். தேதி மட்டும் அத்தான் சொன்னால் போதும்.

கதவு வந்தால் பெயர் வெளியே வரும். மகளின் பாதை பூட்டிக்கொள்ளும். அவர் என்ன சொன்னார் என்கிறீர்கள்? “இந்த மாசம் வேணாம் சார், மழை மாதிரி இருக்கு” என்றார். மறுமாதம் வெயில் அதிகம் என்றார். அதற்கடுத்து முதுகுப் பிடிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் மைதானத்துக்கு வந்து பயிற்சி கொடுக்கிறார்; மகள் படித்து முடித்து வெளியே வந்த பிறகாவது தேதி சொல்வார் என்று பார்த்தால், “அவசரம் என்ன, முதல் வருஷத்துல ஒரு பொண்ணு வந்திருக்கு, ஓடி வர்ற விதமே நல்லா இருக்கு, பார்ப்போம்” என்கிறார். அக்கா இப்போதெல்லாம் அவரை இரண்டாவது முறை கேட்க வைக்காமல் காப்பி கொடுக்கிறாள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் ஒரு நாள் விடிகாலையில் அந்தப் பக்கமாகப் போனேன். மைதானத்தில் யாரும் இல்லை. அத்தான் மட்டும் மண்டபத்தில் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சைத் துணியை ஓரமாகத் தூக்கி, உள்ளே தலையை விட்டுப் படித்தார். கைக்குட்டையால் ஓர் இடத்தை மட்டும் துடைத்தார். பிறகு துணியைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு மணல் குழிக்குப் போனார்.

நமக்கெல்லாம் அந்தப் பைத்தியம் கிடையாதப்பா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கிறேன். நான் வெட்டுகிற ஒவ்வொரு கல்லிலும் வலது பக்க மூலையில், எறும்பு அளவுக்கு, என் பெயர் இருக்கும். அது தொழில், அதை இதில் சேர்க்கக் கூடாது. நீங்கள் படித்த வகுப்பறையின் கடைசி வரிசை மேசையில் காம்பஸ் முனையால் தோண்டியிருக்கிறதே, அது யார் பெயர்? பெருந்தன்மையாக நூலகத்துக்குக் கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாகக் கையெழுத்து வேறு போட்டிருக்கிறதே, அது? சரி, நான் எதுவும் கேட்கவில்லை. என் கடை பக்கம் வந்தால் வாசலில் நின்று செருப்பைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே வாருங்கள், சும்மா விசாரிக்கத்தானே?